கண்ணை மூடிக் கை தூக்கிய கூட்டம்

எங்கள் வீடமைப்புத் தாமானின் குடியிருப்பாளர் சங்கத்துக்கு நான் செயலாளரானதற்கு ஒரே தகுதி, என் வீட்டில் பிரிண்டர் இருந்ததுதான். அது கறுப்பு மையில் மட்டும் அடிக்கும். மழை நாளில் அதுவும் அடிக்காது. பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வெளியே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில், தொழிலாளர் லயங்களைக் காலி செய்துவிட்டு வந்த குடும்பங்களுக்காகக் கட்டிய வீடுகள் எங்களுடையவை. தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் சத்தம் போட்டால் கூட்டம் கூடிவிடும். இங்கே நான் சத்தம் போட்டால் நாய்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பகலில் செம்பனை ஆலையில் கணக்கெழுதும் கிராணி வேலை. மாலையில் புத்தகம். பழைய கிரேக்க நகரங்களில் குடிமக்கள் வெட்டவெளியில் கூடி எப்படி முடிவெடுத்தார்கள் என்பது எனக்கு விவரமாகத் தெரியும். எதிர்வீட்டுக்காரரைச் சங்க மண்டபத்துக்கு எப்படி வரவைப்பது என்பது தெரியாது. பொதுக்கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கு வீடுகளிலிருந்தாவது ஆள் வந்திருக்க வேண்டும். அதற்குக் கோரம் என்று பெயர். ஆண்டுதோறும் வருவது தலைவர், பொருளாளர், நான். கூடவே மண்டபத்து விசிறிக்காக வரும் ஒரு பெரியவர். அவர் உறுப்பினரும் இல்லை. அரை மணி நேரம் காத்திருப்போம், தேநீர் குடிப்போம், கலைவோம். கொள்கையில் நான் ஜனநாயகவாதி. நடைமுறையில், மிஞ்சிய மீஹூன் சேமியாவைப் பொட்டலம் கட்டுகிறவன்.

இப்படியே ஓய்வு பெறும்வரை ஓட்டியிருப்பேன். பின்வரிசை வீட்டு அக்கா விடவில்லை.

அக்கா முன்பு பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்தியவர். நானூறு பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்த குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. சிறுநீரகம்தான் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கோலா சிலாங்கூர் போய் ரத்தம் கழுவிக்கொண்டு வரவேண்டும். மகன் சிங்கப்பூரில். நகராண்மைக் கழகத்தின் இலவச பஸ் உண்டு, ஆனால் அது பெரிய சாலையோடு போய்விடும். போகும்போது யாராவது மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ச் சாலையில் விடுவார்கள். வரும்போதுதான் கஷ்டம். ரத்தம் கழுவிய உடம்பு, மத்தியான வெயில், செம்பனைக்கு நடுவே நீண்டு கிடக்கும் தார்ச்சாலை. ஒருநாள் வழியில் தலை சுற்றி, சாக்கடைக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். செம்பனைக் குலை ஏற்றிவந்த லோரிக்காரர் ஒருவர்தான் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

"கொலையோட கொலையா வந்தேன் தம்பி. நல்லவேள, ஆலையில எறக்கல," என்றார் அக்கா.

பஸ்ஸைத் தாமானுக்குள் விடமுடியுமா என்று கழகத்துக்கு எழுதினோம். விடலாம், ஆனால் உள்ளே வந்தால் திரும்ப இடம் வேண்டும். கோடி மூலையைக் காலியாக விட்டுத் தருவதாகக் குடியிருப்பாளர் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டு அனுப்புங்கள் என்றார்கள். நியாயமான பதில். அந்த மூலையில் எங்கள் தலைவரின் இரண்டு லோரிகள் நிற்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியாது.

தலைவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் விஷயம் சுலபம். அவர் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். சாவு வீடு என்றால் வாடகை வாங்கமாட்டார். விடிவதற்குள் கூடாரம் நிற்கும், நாற்காலி வரிசையாக இருக்கும், அவர் ஓரமாக நின்று யாருக்குத் தண்ணீர் வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் தாமானில் அவர் கூடாரத்தின் கீழ் அழாத குடும்பம் இல்லை. அப்படிப்பட்டவர் முகத்துக்கு முன்னால், உன் லோரியை எடு என்று எவர் கை தூக்குவார்? கோரம் சேராமல் போனதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டத்துக்கு வந்தால் ஏதாவது ஒரு பக்கம் நிற்கவேண்டிவரும். வராதவனுக்கு எல்லாரும் வேண்டியவர்கள்.

முதலில் நான் படித்தவன் செய்யும் காரியத்தைச் செய்தேன். விழிப்புணர்வு நாடகம் எழுதினேன். எமன் வந்து ஒருவனைக் கூப்பிடுகிறான். போவதற்கு முன் கணக்குக் கேட்கிறான், எத்தனை பொதுக்கூட்டத்துக்குப் போனாய் என்று. எமன் நான்தான். மேக்கப் அதிகம் தேவைப்படாது என்று நண்பர்கள் சொன்னார்கள். தீபாவளி விருந்தில் அரங்கேற்றினோம். முதல் ஐந்து நிமிடம் சிரித்தார்கள். இது சங்கக் கூட்டத்தைப் பற்றியது என்று புரிந்ததும், பிள்ளைகளைத் தேடுவதுபோல ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் எமனும் செத்தவனும் மட்டும் மிஞ்சினோம். நல்லதைச் சொல்லித்தர வரும் நாடகத்தின் வாடை தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. வேட்டி கட்டிய சுற்றறிக்கை அது.

எமனுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த வேஷம் கிறிஸ்மஸ் தாத்தா.

எங்கள் தாமானில் கிறிஸ்துவக் குடும்பங்கள் கொஞ்சம் உண்டு. டிசம்பரில் அவர்களின் கேரல் குழு வீடு வீடாகப் பாடிக்கொண்டு வரும். நடத்துவது எங்கள் வரிசையில் இருக்கும் ஒரு தங்கச்சி. கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவர். குரல் சேரவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு மதபேதம் கிடையாது. அதனால் குழுவில் பாதிப்பேர் இந்துப் பிள்ளைகள். உறுமி மேளம் அடிக்கும் பையன்களைக்கூடப் பிடித்துப்போட்டு, மெதுவாக அடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார். அந்த ஆண்டு தாத்தா வேஷக்காரருக்கு இரவு ஷிப்ட்.

"அண்ணே, நீங்கதான் வரணும்."

"எனக்குப் பாட வராதே."

"பாட வேணாம். நடந்து வந்தா போதும். வயித்துல கட்டுற தலகாணி எங்களுக்கு மிச்சம்."

அப்படித்தான் நான் சிவப்புக் கம்பளி உடையில், நம் ஊர்ப் புழுக்கத்தில், வீடு வீடாக வியர்த்தேன். சாமி கும்பிடுகிற வீடு, கும்பிடாத வீடு என்றில்லை. கதவைத் திறந்து, தண்ணீர் கலக்கி, முறுக்குத் தட்டை நீட்டினார்கள். இரண்டு பாட்டு முடிந்ததும் தங்கச்சி கேட்பார்: "உங்க வீட்டுக்கு என்ன ஜெபம் பண்ணணும்?"

இது அவர்கள் வழக்கம். கேட்டதும் வீட்டுக்காரர்கள் கொஞ்சம் தயங்கிவிட்டு, இருப்பதைச் சொல்லிவிடுவார்கள். பிறகு, "கண்ண மூடிக்குவோமா," என்பார் தங்கச்சி. எல்லாரும் மூடுவார்கள், சாமி மேடையில் விளக்கு எரியும் வீட்டில்கூட. விருந்தாளி கேட்டால் மூடவேண்டியதுதானே. அவர் சின்னதாக ஒரு ஜெபம் சொல்வார். அடுத்த வீடு.

என் தாடிக்குள்ளிருந்து நான் கேட்டதைத்தான் இன்னும் நம்பமுடியவில்லை. ஒரு வீட்டில் மகளுக்கு வேலை. அடுத்த வீட்டில் முட்டிவலி, பஸ் உள்ளே வந்தால் நன்றாக இருக்கும். அதற்கடுத்த வீட்டில், பிள்ளைக்குப் புதன்கிழமை ஆஸ்பத்திரியில் பயிற்சி, தூக்கிக்கொண்டு பெரிய சாலைவரை நடக்கவேண்டியிருக்கிறது. இன்னொரு வீட்டில் குரலைத் தாழ்த்தி, "அந்த மூலை லோரி கொஞ்சம் நகந்தா தேவல. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க," என்று ஆண்டவருக்கே ரகசியம் வைத்தார்கள். எத்தனையோ கூட்டத்தில் எதிரொலியை மட்டும் கேட்ட காது இது. சங்கத்தில் வாயைத் திறக்காதவர்கள், பாட்டுக்குப் பின்னால் முழு நிகழ்ச்சி நிரலையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா வீட்டில் தங்கச்சி கேட்டதற்கு, "எனக்குப் பஸ்ஸு வேணும். ஜெபத்துல அடங்குமா?" என்றார். நான் வாசலில் தாடியைத் தூக்கி மூச்சு வாங்கும்போது, மற்ற வீடுகளில் கேட்டதை, யார் என்று சொல்லாமல், சொன்னேன்.

"இதெல்லாம் வீட்டுல சொல்றாங்க. ஒங்க கூட்டத்துல ஏன் சொல்லல?"

"வந்தாத்தானே சொல்றதுக்கு."

"வருவாங்க. கடைசி நாளு கேரல் விருந்து மண்டபத்துலதானே? பாட்டு முடியட்டும், சோறு போடாதீங்க. நடுவுல கூட்டத்த வைங்க."

கேன்டீன் நடத்தியவருக்குப் பசியின் அரசியல் தெரியும். தங்கச்சியும் சம்மதித்தார். முறைப்படி அறிவிப்பு அடித்தேன். அன்று மழை இல்லை.

மண்டபம் நிறைந்தது. பாட்டுக்கு வந்தார்களோ, பின்னால் கொதித்துக்கொண்டிருந்த ஆட்டுக்கறிக்கு வந்தார்களோ, கையெழுத்துப் போட்டார்கள். கோரம் சேர்ந்துவிட்டது என்று அறிவித்தபோது என் குரல் கொஞ்சம் நடுங்கியது. உடை மாற்ற நேரமில்லாததால் ஒரு கிறிஸ்மஸ் தாத்தா நடுங்குவதாகத்தான் அது தெரிந்திருக்கும்.

தீர்மானத்தைப் படித்தேன். தலைவர் எழுந்தார். "ஒங்க இஷ்டம்தான். எனக்கு லோரி நிறுத்த வேற எடம் இல்ல. ஆனா நான் ஒன்னும் சொல்லல. ஒங்க இஷ்டம்," என்று சொல்லி உட்கார்ந்தார். அதைவிடப் பலமாக யாரும் எதிர்த்துப் பேசமுடியாது. மண்டபம் முழுக்கத் தரையைப் பார்த்தது. முன்வரிசையில் அக்கா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அன்று சனிக்கிழமை. கழுவிக்கொண்டு வந்த கையில் பிளாஸ்திரி அப்படியே இருந்தது.

கை எண்ணுவதற்குப் பொதுவான ஆள் வேண்டும். தங்கச்சியை நிற்கச் சொன்னேன். அவர் மைக்கை வாங்கி, கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் கண்ண மூடிக்குவோமா. சம்மதிக்கிறவங்க கைய மட்டும் தூக்குங்க. யாரும் யாரையும் பாக்க வேணாம்," என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. மைக்கை மூடிக்கொண்டு என்னிடம், "ஐயோ அண்ணே, சபையில சொல்றத சொல்லிட்டேன்," என்றார். அவர்கள் சபையில் போதகர் அப்படித்தான் கேட்பாராம். ஜெபம் தேவைப்படுகிறவர் கூச்சமில்லாமல் கை தூக்கட்டும் என்று. நான் திருத்த வாயெடுத்தேன். அதற்குள் மண்டபம் கண்ணை மூடியிருந்தது. மூன்று வாரமாக வீட்டுக்கு வீடு பழகியது, ஒரே நேரத்தில் மூடிக்கொண்டது. விசிறிக்காக வரும் பெரியவரும் மூடியிருந்தார், அவர் தூங்கியிருக்கலாம்.

கைகள் மெதுவாக மேலே வந்தன. முதலில் காது வரைக்கும், பிறகு நன்றாக. கண்ணைத் திறந்துகொண்டிருந்தது நானும் தங்கச்சியும் மட்டுமே. அத்தனை முகங்களை அவ்வளவு நிம்மதியாக நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தலைவர் கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடியிருந்தார், ஊசி போட்டுக்கொள்கிறவர்போல. பக்கத்தில் அவர் மனைவியின் கை, வளையல் முழங்கைக்கு வழிய, உயர்ந்திருந்தது.

நல்ல பெரும்பான்மை. அறிவித்ததும் யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் ஒருவரையொருவர், நீயா என்பதுபோலப் பார்த்துக்கொண்டு சோற்றுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை லோரிகள் மூலையில் இல்லை. தலைவர் எங்கோ தெரிந்தவர் காலி நிலத்தில் விட்டிருந்தார். மாலையில் என் வாசலுக்கு வந்தார்.

"கிராணி, பசியாறியாச்சான்னு கேக்க வரல. ஒன்னே ஒன்னு. எங்க வீட்டம்மா தூக்குச்சா?"

"தலைவரே, எத்தனன்னுதான் நான் பாத்தேன். யாருன்னு பாக்கல."

"நேத்துலேருந்து கேக்காமலே மீனு பொரிச்சுப் போடுது. அதான் சந்தேகமா இருக்கு."

பொங்கலுக்கு முந்தின வாரம் பஸ் உள்ளே வந்தது. நேர அட்டவணையைக் கழகம் அனுப்பியிருந்தது. உள்ளே வருவது திங்கள், புதன், வெள்ளி. மற்ற நாளில் பழையபடி பெரிய சாலையோடு.

நான் அதை அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் வாங்கிப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுப் படித்தார். கிழமை மாறவில்லை. ரத்தம் கழுவும் இடத்தில் கிழமையை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"கேட்டுட்டேன் முன்னயே. திங்கக்கிழமக் கூட்டத்துல எடம் காலியானாத்தான் குடுப்பாங்களாம். எடம் எப்படிக் காலியாவும்னு ஒங்களுக்குத் தெரியாதா? நான் போயி அதுக்கு வேண்டிக்கவா?"

குற்றம் யாருடையதும் இல்லை. நாங்கள் பஸ் கேட்டோம். எந்த நாள் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. இத்தனை ஆண்டு எதுவும் கேட்டுப் பழகாததால், கேட்டால் கிடைத்துவிடும் என்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அதற்குள் பஸ்ஸுக்கு வேறு சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். திங்களும் வெள்ளியும் பலகாரக் கூடையோடு கடைவீதிக்குப் போகிறவர், புதன்கிழமைப் பிள்ளையோடு தாய், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் ஐந்தாறு பெண்கள். அக்காவின் பஸ்ஸில் அக்காவைத் தவிர எல்லாரும் போனார்கள்.

இன்னொரு பொதுக்கூட்டம். சொல்லும்போதே எனக்கு இடுப்பு வலித்தது. இந்தமுறை கூட்டுவதற்கு நாடகம் எதுவும் தேவைப்படவில்லை. "பாட்டு உண்டா? கண்ண மூடுறது உண்டா?" என்று கடையில் வைத்தே கேட்டார்கள். கேரல் குழு பொங்கல் பாட்டுக்கு மாறியிருந்தது. உறுமிப் பையன்கள் இப்போது மெதுவாக அடிக்கவில்லை.

கூட்டத்துக்கு முன் தலைவர் என்னை ஓரமாக இழுத்தார். "இந்தத் தடவ கண்ண மூட வேணாம் லா. அந்தம்மா மொகத்த பாத்தா எல்லாரும் தூக்கிடுவாங்க. வேல முடிஞ்சிரும்."

சரியான யோசனை. அக்காவிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"என்னப் பாத்துப் பாவப்பட்டுத் தூக்குவாங்க. அப்புறம் பஸ்ஸுல என் பக்கத்துல ஒக்காந்து மூஞ்சத் திருப்பிக்குவாங்க. அவரு லோரிக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? மூடச் சொல்லு தம்பி."

மூடினார்கள். பஸ்ஸை செவ்வாய், வியாழனுக்கு மாற்றக் கேட்கும் தீர்மானம்; சனிக்கிழமைக்குக் கழகம் கைவிரித்திருந்தது. தங்கச்சி எண்ணினார், நான் எண்ணினேன், மறுபடி எண்ணினோம். நான்கு கை குறைவு. அக்கா கண்ணை மூடியபடியே, கை உயர்த்தியபடியே உட்கார்ந்திருந்தார். முடிவைச் சொல்லும்வரை அந்தக் கையை இறக்கவில்லை. பிளாஸ்திரி ஒட்டிய கை.

சொன்னேன். இவ்வளவு புத்தகம் படித்தும், தோற்றவருக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நன்றியுரைக்குப் போய்விடலாமா என்று தாளைப் புரட்டினேன்.

அக்கா எழுந்தார்.

"யாரு தூக்கலன்னு எனக்கு வேணாம். ஏன் தூக்கலன்னு மட்டும் சொல்லுங்க."

புதன்கிழமைப் பிள்ளையின் தாய் எழுந்தார். "அக்கா, எனக்குப் புதன்கிழமைய விட்டா பயிற்சி இல்ல. அத மாத்த முடியாது. அதனாலதான்."

"இத முன்னயே சொல்லியிருந்தா புதன்கிழமைய எடுக்கச் சொல்லியிருக்கவே மாட்டேனே. ஒன் பிள்ளைக்கு நான் என்ன எதிரியா?"

பலகாரக்காரர் உட்கார்ந்தபடியே, "எனக்குத் திங்கக்கிழமைன்னு இல்ல. செவ்வாய், வியாழன்னாலும் வடை போவும். கேக்காமலே மாத்தறாங்களேன்னுதான் தூக்கல," என்றார்.

"வெள்ளிக்கெழம கோயிலு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அக்கா திரும்பினார். "அம்மன் எங்கயும் போயிடாது. நான் போயிடுவேன்."

முதலில் சிரித்தது தலைவரின் மனைவி. பிறகு எல்லாரும். அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதை நான் ஒழுங்காகக் குறித்துக்கொள்ள முடியவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கண்ணைத் திறந்துகொண்டு, பெயர் சொல்லி, விரல் நீட்டிச் சண்டை போட்டார்கள். கோயில்காரப் பெண்களில் இருவர் கோபித்துக்கொண்டு போய், வாசல்வரை போனபின் விட்டுப்போன வாதம் நினைவுக்கு வந்து திரும்பி வந்தார்கள். உறுமிப் பையன்கள் யார் கட்சி என்று தெரியாமல் இரண்டு பக்கத்துக்கும் அடித்தார்கள். எனக்குத் தலைவலி. வீட்டுக்குப் போகவேண்டும்போல இருந்தது. இத்தனை ஆண்டு நான் ஆசைப்பட்டதாகச் சொல்லிக்கொண்டது இதைத்தான் என்பதால் போகமுடியவில்லை.

கடைசியில் செவ்வாய், புதன், வியாழன் என்று கேட்பதாக முடிவானது. கழகமும் பிறகு ஒத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமைப் பெண்கள் என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

சனிக்கிழமைதான் மிஞ்சியது. சனிக்கிழமை பஸ் உள்ளே வராது என்று கழகம் முன்பே எழுதியிருந்தது. அக்காவை அன்றைக்கு யார் கூட்டிப்போவது என்று கேள்வி எழுந்தது. செயலாளரிடம் கார் இருக்கிறது, சனிக்கிழமை ஆலை அரைநாள்தான், விடுப்பு மாற்றிக்கொள்ளலாம் என்று யாரோ முன்மொழிந்தார். யாரோ வழிமொழிந்தார். தங்கச்சி மைக்கை எடுத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்.

இப்படி ஒருமனதான வாக்கெடுப்பை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. கண்ணைத் திறந்து எண்ணுகிறவன் நான் என்பதால் என் கையைத் தூக்கமுடியாது; எதிர்த்துத் தூக்க வேறு கையும் இல்லை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் அக்கா என் வாசலில் நிற்கிறார். அந்தக் கேன்டீன் குரலில் கூப்பிட்டால் அக்கம்பக்கத்தில் எழுந்துவிடுவார்கள் என்று கதவைத் தட்டி, "தம்பி, தீர்மானம் போட்டது போட்டதுதான்," என்கிறார். நான் சாவியைத் தேடுகிறேன்.